இண்டிகா பக்கம் சாய்ந்தவர்

கஞ்சா பிடிப்பவர் வேறு, கஞ்சாவைப் பற்றிப் பேசுபவர் வேறு. முதல் வகையால் உலகத்துக்குப் பெரிய தொந்தரவு கிடையாது. ஓர் ஓரமாக உட்கார்ந்து, பிஸ்கட் டப்பாவைக் காலி செய்துவிட்டு, எழுந்து போய்ப் படுத்துவிடுவார். நான் சொல்ல வந்தது இரண்டாவது வகையைப் பற்றி. ஆளுக்கு இரண்டு செடி வீட்டுத் தோட்டத்தில் வளர்த்துக்கொள்ளலாம் என்று கான்பெராவில் சட்டம் வந்த நாளிலிருந்து எங்கள் புறநகர்களில் இந்த இனம் முயலைப்போலப் பெருகிவிட்டது. இவருக்கு ரகஞானி என்று பெயர் வைத்திருக்கிறேன்.

இவரை அடையாளம் காண்பது சுலபம். ஒரு கண்ணாடி ஜாடியில் காய்ந்த மொட்டு நாலைப் போட்டு அவர் கையில் கொடுத்துப் பாருங்கள். பிடிக்க மாட்டார். பிடிப்பது பாமரர்கள் வேலை. மூடியைத் திருகித் திறந்து, கண்ணை மூடி, மூக்கை ஜாடிக்குள் விடாமல் விளிம்பிலேயே நிறுத்தி, அரை மூச்சு இழுத்து, அந்த அரை மூச்சையும் பாதி வழியில் மறித்து வைத்துக்கொண்டு, வேலிக்கு அப்பால் நிற்கும் யூகலிப்டஸ் மரத்தில் ஏதோ எழுதி ஒட்டியிருப்பதுபோல் உற்றுப் பார்த்து, 'ம்ம்ம்' என்பார். அந்த 'ம்ம்ம்' முடியும்வரை நீங்கள் இருமக்கூடாது. பிறகுதான் தீர்ப்பு வரும். கஞ்சாவில் இரண்டு சாதி உண்டு: தலைக்கு ஏறுவது சட்டிவா, உடம்பில் இறங்கித் தூங்க வைப்பது இண்டிகா.

"இண்டிகா பக்கம் சாஞ்ச கலப்பு."

நன்றாக இருக்கிறதா, இல்லையா என்று கேட்டுவிட்டீர்களா? கேட்டீர்கள் என்றால் இன்றைய மாலை உங்களுடையது இல்லை. "நல்லா இருக்கா இல்லையாங்கறது கேள்வியே இல்ல. இது அறுபதுக்கு நாப்பது. முதல்ல தலைக்குள்ள ஒரு ஜன்னல் திறக்கும், அது சட்டிவா அம்மா குடுத்த சீதனம். அப்புறம் தோள் இறங்கும், இடுப்பு இறங்கும், முழங்கால் இறங்கும், அது இண்டிகா அப்பா. வாசனை பாத்தீங்கன்னா மேல ஈரமண்ணு, நடுவுல மிளகு, அடியில நனைஞ்ச கம்பளி. மூச்சை வெளிய விடும்போது எலுமிச்சைத் தோல். இல்ல, தோல் இல்ல, தோலுக்கு அடியில இருக்குமே வெள்ளை, அது." இதைச் சொல்லிவிட்டு உங்கள் முகத்தைப் பார்ப்பார். நீங்கள் தலையாட்ட வேண்டும். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவருக்கு மதி எங்கே போயிற்று என்பார்கள். எங்கே போகும்? மரியாதைக்குப் பயந்து ஒளிந்துகொண்டிருக்கும்.

அந்த அறுபதுக்கு நாற்பதை எந்தத் தராசில் நிறுத்தார் என்று யாரும் கேட்பதில்லை. ஐம்பதுக்கு ஐம்பது என்று மட்டும் சொல்லவே மாட்டார். அதை யார் வேண்டுமானாலும் சொல்லலாம். எண்பதுக்கு இருபது என்றாலும் ஆபத்து, யாராவது சோதித்துப் பார்த்துவிடலாம். அறுபதுக்கு நாற்பது என்பதில் ஒரு நிதானம் இருக்கிறது, படித்தவன் களை இருக்கிறது. ஓர் எதிரி ஞானி குறுக்கே வந்து எழுபதுக்கு முப்பது என்றால் சண்டைக்கும் இடம் இருக்கிறது.

இப்பேர்ப்பட்டவரை எங்கே பார்க்கலாம் என்கிறீர்களா? தேடி அலைய வேண்டாம். கம்பா பகுதியில், எங்கள் தெருவில், எங்கள் வீட்டுக் குளியலறைக் கண்ணாடியில் தினமும் காலையில் பல் துலக்கிக்கொண்டு நிற்கிறார். பெயர் ரோவன் டிக்னர். அரசாங்கத்தில் வேலை. நாடாளுமன்றத்தில் அமைச்சரிடம் கேட்கப்படும் கேள்விகளுக்குப் பதில் எழுதித் தரும் பிரிவில் வாழ்நாளைக் கழித்தவர். கேட்ட கேள்வியைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் பதில் சொல்லத் தெரிந்தவர்களுக்குத்தான் அங்கே பதவி உயர்வு. நான் நன்றாகவே உயர்ந்தேன்.

என் மனைவி மோய்ரா இந்தப் புகை பக்கமே வரமாட்டாள். ஆனால் சட்டப்படி அவளுக்கும் இரண்டு செடி உண்டே! ஆக எங்கள் வீட்டில் நான்கு செடி. "ஓட்டுப் போடற உரிமை, செடி வளர்க்கற உரிமை, ரெண்டையும் நீயே எடுத்துக்கோ. பேசற உரிமைய மட்டும் எனக்கும் கொஞ்சம் விட்டு வை" என்றாள். நான் சிரித்துவிட்டு அவள் பங்குச் செடிகளின் பரம்பரையைப் பற்றி விளக்க ஆரம்பித்தேன். அவள் துணி உலர்த்தப் போய்விட்டாள்.

என் எதிரி ஞானியின் பெயர் ஸ்டீப்பே. மூன்று வீடு தள்ளி இருக்கும் குரோஷியாக்காரன், கட்டடங்களுக்குக் கான்கிரீட் போடுபவன், கை ஒவ்வொன்றும் மண்வெட்டி அகலம். நான் அறுபதுக்கு நாற்பது என்றால் அவன் எழுபதுக்கு முப்பது. நான் மிளகு என்றால் அவன் டீசல். எங்களுக்குள் இருபது நாள் பேச்சில்லாமல் போனதற்குக் காரணம் ஒரு மொட்டில் 'பைன் மர வாசனை' இருக்கிறதா, 'பைன் மரம் வெட்டிய ரம்பத்தின் வாசனை' இருக்கிறதா என்பதுதான். பெரியவர்கள் சண்டை போட இதைவிடப் பெரிய விஷயங்கள் இருக்கின்றன என்று நீங்கள் சொல்லலாம். சொல்லிப் பாருங்கள், நாங்கள் இருவரும் சேர்ந்துகொண்டு உங்களை அடிக்க வருவோம்.

இனி க்ளெனிஸ். பக்கத்து வீடு. நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அத்தனை வருஷம் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்ததில் இடுப்பு எலும்பு தேய்ந்துவிட்டது. அறுவை சிகிச்சைக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார். வலி மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது. அவருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம், தன் இரண்டு செடியில் விளைந்த மொட்டை வெண்ணெயில் காய்ச்சி, அந்த வெண்ணெயில் செய்த பிஸ்கட்டில் ஒரு துண்டைப் படுக்கும்முன் தின்பதுதான். தின்றால் தூக்கம். தின்னாவிட்டால் விடியும்வரை கூரையைப் பார்த்துக் கிடப்பார். எங்கள் ஊர்க் குளிர்காலமோ லேசில் விடுவது இல்லை. சட்டம் வளர்க்கத்தான் அனுமதி தந்திருக்கிறது, விற்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. ஆகவே அந்த இரண்டு செடிதான் அவருக்கு ஒரு குளிர்காலத்துத் தூக்கம். அது போனால் அடுத்த விளைச்சல்வரை ஒன்றும் இல்லை.

அவருக்கு ரகமும் தெரியாது, சாய்வும் தெரியாது. "எது வலிய நிறுத்துதோ அது நல்ல செடி" என்பார். அந்த மாதிரிப் பேச்சைக் கேட்டால் எனக்கு உடம்பு கூசும்.

அந்த வருஷம் எனக்கு ஒரு விதை கிடைத்தது. நண்பனின் நண்பன் ஒருவன் பழைய பிலிம் டப்பாவில் போட்டு, ரத்தினக் கல்லைத் தருவதுபோல் தந்தான். ரகத்தின் பெயர் 'பேராயர் போர்வை'. எந்தப் பேராயர், எதற்குப் போர்வை என்றெல்லாம் கேட்காதீர்கள். இந்த உலகத்தில் பெயர் வைப்பவர்கள் அதைப் பிடித்துவிட்டுத்தான் வைக்கிறார்கள். நவம்பரில் நடக்கும் மெல்போர்ன் கோப்பைக் குதிரைப் பந்தயம் முடியும்வரை தக்காளிகூட நடக்கூடாது என்பது எங்கள் ஊர்ப் பனி வகுத்த விதி. பந்தயம் முடிந்த மறுநாளே விதையைச் சக்கரம் வைத்த தொட்டியில் நட்டேன்.

செடியா அது! குள்ளம், கட்டுமஸ்து, உள்ளங்கை அகல இலை, ஆழ்ந்த பச்சை. இலை அகலமாக இருந்தால் இண்டிகா, குச்சியாக இருந்தால் சட்டிவா என்பது குழந்தைப் பாடம். நான் அதற்கு மேலே போனேன். காம்பு கிளம்பும் கோணத்தைப் பார்த்தேன், தண்டைக் கிள்ளி முகர்ந்தேன், மாலையில் இலை எந்தப் பக்கம் தொங்குகிறது என்று நாற்காலி போட்டு உட்கார்ந்து கவனித்தேன். மற்ற மூன்று செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். இதற்கு உரை நிகழ்த்தினேன்.

மற்ற எந்தச் செடியும் பூக்க யோசிப்பதற்கு முன்பே, இதன் கணுக்களில் சின்னச் சின்ன மொட்டுகள் கொத்துக் கொத்தாகத் தொங்க ஆரம்பித்தன. எனக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தியா மோய்ரா, சீக்கிரம் பூக்கறது இண்டிகா சாய்வுக்குச் சாட்சி. அறுபதுன்னு சொன்னது தப்பு, அறுபத்தஞ்சு" என்றேன்.

"பூவுல வெள்ளை முடியே காணோமே" என்றாள் மோய்ரா.

"இந்த ரகத்தோட குணமே அதான்" என்றேன். நுணலும் தன் வாயால் கெடும். தவளை பாவம், ஒரு குரலில்தான் கத்தும். எனக்குப் பல குரல்.

இங்கே ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். கஞ்சாச் செடியில் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. நமக்கு வேண்டிய சரக்கு, வெள்ளை முடி நீட்டும் பெண் செடியின் பூவில் இருக்கிறது. ஆண் செடியில் மகரந்தப் பைகள் மட்டும்தான் தொங்கும். அவை வெடித்துத் தூள் காற்றில் பறந்து பெண் பூவில் விழுந்துவிட்டால், அது விதை வைக்கத் தொடங்கி, வீரியத்தை எல்லாம் விதையிலே கொட்டிவிடும். அதனால் ஆண் என்று தெரிந்த நிமிஷமே பிடுங்கிப் போட வேண்டும். இது இந்த வித்தையில் 'அ'னா 'ஆ'வன்னா. எனக்குத் தெரியாதா? இதைப் பற்றித் தெருவில் எத்தனை பேருக்கு எத்தனை தடவை பாடம் எடுத்திருக்கிறேன்!

மார்ச் மாதம் கான்பெரா தின விடுமுறை வந்தது. க்ளெனிஸ் வீட்டுப் பின்கட்டில் நெருப்பில் இறைச்சி வாட்டிச் சாப்பிடும் விருந்து. தெருவே வந்திருந்தது. நான் வெறுங்கையோடு போவேனா? தொட்டியைத் தள்ளிக்கொண்டு, கல்யாணத்துக்குத் தேர் இழுத்து வருவதுபோல் பக்கத்துச் சந்து வழியாகக் கொண்டுபோய், செங்கல் சுவரோரம் வெள்ளை முடி நீட்டிப் பூக்க ஆரம்பித்திருந்த க்ளெனிஸின் இரண்டு செடிகளுக்கு நட்டநடுவே நிறுத்தினேன். அங்கேதான் வெயில் நன்றாக விழுந்தது.

க்ளெனிஸ் இறைச்சி புரட்டும் இடுக்கியோடு பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார். "ரோவன் கண்ணு, இது பொண்ணுதானே?"

"க்ளெனிஸ், இத வெறும் செடின்னு பாக்காதீங்க. இதோட பூர்வீகம் இந்துகுஷ் மலைப் பக்கம்..." என்று ஆரம்பித்தேன். மலையிலிருந்து இறங்கி ஆம்ஸ்டர்டாம் வந்து சேர்வதற்குள் ஒரு தட்டு இறைச்சி கருகிவிட்டது. அவர் அதைப் பார்க்கப் போனார்.

திரும்பி வந்தார். "அதில்ல கண்ணு, பொண்ணான்னு..."

"அந்தச் சாய்வத்தான் சொல்ல வரேன். இது பகல்ல பிடிக்கற ரகமே இல்ல. சாயங்காலம், ஒரு கனமான சோபா, பக்கத்துல தண்ணி, கையெட்டற தூரத்துல போர்வை..."

அதற்குள் ஸ்டீப்பே பியர் பாட்டிலோடு வந்து சேர்ந்தான். செடியை மேலும் கீழும் பார்த்தான். "எழுபது முப்பது" என்றான்.

"அறுபத்தஞ்சு."

"மச்சான், இலை அகலத்தப் பாரு. இது எழுபது இல்லன்னா நான் கான்கிரீட்ட விட்டுட்டுப் பொம்மை செய்யப் போறேன்."

"வாசனைய மோந்துட்டுப் பேசு" என்று நான் செடியின் நடுத்தண்டைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கினேன். பொலபொலவென்று மஞ்சள் தூள் கிளம்பியது. என் கருநீலச் சட்டை முழுக்க மஞ்சள். ஒரு காற்றடித்தது. தூள் மேகம்போல் எழுந்து க்ளெனிஸின் செடிகள் மேல் படிந்து, வேலி தாண்டி எங்கள் வீட்டுப் பக்கமும் போனது.

"பாத்தீங்களா!" என்று கூவினேன். "இந்தப் பருவத்துலயே இவ்வளவு பிசின் தூள்! வீரியம்னா இது வீரியம்!"

ஸ்டீப்பே சட்டையில் விரலை ஒற்றி நாக்கில் வைத்தான். கண்ணை மூடினான். "பாதாம்" என்றான்.

நானும் ஒற்றி வைத்தேன். "பாதாம் இல்ல. ஊற வெச்ச பாதாம்."

மூன்றாவது தடவையும் க்ளெனிஸ் கேட்டார், இந்த முறை கொஞ்சம் சத்தமாகவே. "ஏம்ப்பா, ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க. இது பொண்ணா?"

"ஒரு நிமிஷம் க்ளெனிஸ்" என்றோம் இருவரும் ஒரே குரலில். வாழ்க்கையில் நாங்கள் இருவரும் ஒத்துப்போனது அந்த ஒரு முறைதான். ஊற வைத்ததா, வறுத்ததா என்று தீர வேண்டியிருந்தது. அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பிப் போனார். விருந்து முடிந்ததும், "விடுமுறை முடியறவரைக்கும் இங்கயே நிக்கட்டும். உங்க செடிங்களுக்கும் நல்ல சகவாசம்" என்று தொட்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். அவர் நன்றி சொன்னார்.

அந்த மாதக் கடைசியில் பேராயர் போர்வை வாடிக் கருகியது. அதற்கும் என்னிடம் விளக்கம் இருந்தது. சீக்கிரம் பூத்தது சீக்கிரம் முதிரும் என்றேன். மரியாதையோடு உரக்குழியில் போட்டேன்.

ஏப்ரல் கடைசியில் வரும் ஆன்சாக் தினத்துக்கு முன்னால் ஹீட்டர் போடுபவன் ஆம்பிளையே இல்லை என்பது எங்கள் ஊர் வீம்பு. பனி விழும் என்று அறிவிப்பு வந்ததும் ஆளாளுக்குச் செடியை வெட்டி, விறைத்த கையோடு கொட்டகையில் தலைகீழாகத் தொங்கவிட்டோம். காய்ந்ததும் க்ளெனிஸ் கூப்பிட்டனுப்பினார். நானும் மோய்ராவும் போனோம். சமையல் மேசையில் மொட்டுகளைக் கிளையோடு குவித்து, ஒன்றை எடுத்து விரலால் நொறுக்கினார். கொத்தமல்லி விதை அளவில் உருண்டை உருண்டையாகச் சாஸரில் விழுந்தன. இன்னொன்றை நொறுக்கினார். அதிலும் விதை. அதற்கடுத்ததிலும். சாஸர் நிறைந்தது. உருப்படியான சரக்கு ஒரு சிட்டிகைகூடத் தேறவில்லை.

"இது என்னப்பா?" என்றார்.

அவர் முகத்தை நான் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. சாஸரைத்தான் பார்த்தேன். ரகஞானிக்கு மனிதர் முகம் கண்ணில் படாது, ஆதாரம்தான் படும்.

"குயன்பியன்!" என்றேன்.

குயன்பியன் எல்லைக்கு அந்தப் பக்கத்து ஊர். வேறு மாநிலம். அங்கே இந்தச் செடி வளர்ப்பது சட்ட விரோதம். எங்கள் ஊரில் எது கெட்டாலும் பழி குயன்பியன் மேல்தான். மேற்குக் காற்று, அந்த ஊர்த் திருட்டுச் செடிகள், மகரந்தம் எத்தனை மைல் பறக்கும் என்று நான் விரிவாகப் பேசிக்கொண்டே போனேன்.

"குயன்பியன் நமக்குக் கிழக்கால இருக்கு" என்றாள் மோய்ரா. "மேக்குக் காத்து அங்க இருந்து எப்படி வரும்?"

"காத்து சுத்தி வரும்."

"சுத்தி வந்து, க்ளெனிஸ் செடியில தொட்டி நின்ன பக்கமா பாத்து விழுந்துச்சா? இந்தக் கிளையப் பாரு. அந்தப் பக்கத்துல ஒரே விதை. சுவத்துப் பக்கம் கொஞ்சம்தான்."

நான் வாயைத் திறந்தேன். மஞ்சள் சட்டை ஞாபகம் வந்தது. வெள்ளை முடி இல்லாத மொட்டு ஞாபகம் வந்தது. மகரந்தத்தை நாக்கில் வைத்து, பாதாமை ஊற வைத்தது ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து எங்கள் ஜாடிகளைத் திறந்து பார்த்தேன். எல்லாவற்றிலும் விதை. க்ளெனிஸுக்குக் கொடுத்துச் சரிக்கட்டக்கூட என்னிடம் ஒன்றும் மிஞ்சவில்லை. ஸ்டீப்பே வீட்டிலும் அதே கதை. தெருவில் ஒரு செடியைக்கூடப் பேராயர் விட்டுவைக்கவில்லை.

மறுநாள் மாலை தனியாகப் போனேன். க்ளெனிஸ் பழைய சாய்வு நாற்காலியில் காலை நீட்டி, இடுப்புக்கு வெந்நீர்ப் பை வைத்து உட்கார்ந்திருந்தார். ராத்திரி தூங்கவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது.

"க்ளெனிஸ், இந்த விஷயத்த அதோட வரலாற்றுப் பின்னணியோட பாத்தோம்னா..." என்று ஆரம்பித்தேன். வேறு எப்படி ஆரம்பிக்க எனக்குத் தெரியும்? இந்துகுஷ் மலைக்கே போய்விட்டேன். ஆண் செடிகளில் அகன்ற இலை அமைவதன் விசேஷம், அனுபவசாலிகளையே ஏமாற்றக்கூடிய சில அரிய ரகங்கள் என்று சுற்றிச் சுற்றி, வாசல் தெரிந்தும் உள்ளே போகாமல் கிடந்தேன்.

அவர் கையை உயர்த்தினார். "ரோவன். அன்னைக்கு மூணு தடவ கேட்டேன். இப்ப நாலாவது தடவ கேக்கறேன். அது பொண்ணா?"

"ஆண்" என்றேன்.

என் வாழ்நாளில் நான் தந்த பதில்களிலேயே சின்னது அதுதான். உள்ளே எதையோ கழற்றிக் கையில் கொடுத்தாற்போல் வலித்தது. வெட்கமாக இருந்தது. அழுகை வரும்போல் இருந்தது.

அவர் இடுப்பில் வெந்நீர்ப் பையை நகர்த்தி வைத்துக்கொண்டு, "எனக்கு அப்பவே ஒரு சந்தேகம். ஆனா இவ்வளவு பேசறவனுக்குத் தெரியாமலா இருக்கும்னு நெனச்சுட்டேன். ஒரு குளிர்காலம், கண்ணு. முழுசா ஒரு குளிர்காலம். நீ வீட்டுக்குப் போ" என்றார். கோபத்தில் கத்தியிருந்தால் தேவலை. கத்தவில்லை. நான் வீட்டுக்கு வந்தேன். மோய்ரா ஒன்றும் கேட்காமல் தேநீர் வைத்துக் கொடுத்தாள், அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

ஒரு வாரம் அவர் வேலிப் பக்கமே வரவில்லை. அப்புறம் ஒரு நாள் மாலைச் செய்தி முடிந்த நேரத்தில் தொலைபேசி அடித்தது.

"ரோவன், நீ அன்னைக்கு ஒரு மலையப் பத்திச் சொன்னியே."

"இந்துகுஷ்."

"அதேதான். நீ அந்த மலையில ஏறி இறங்கறதுக்குள்ள எனக்கு ரெண்டு தடவ கண்ணு சொருகிடுச்சு. மூணாவது தடவ சொருகும்போதுதான் எங்க தூங்கிடுவேனோன்னு கைய உயர்த்தினேன். ஒரு வாரமா யோசிக்கறேன், என்னைத் தூங்க வெச்சது அது ஒண்ணுதான். பேசு."

"எதப் பத்தி?"

"எதப் பத்தின்னா என்ன, எல்லாம் ஒண்ணுதானே! அந்தச் சாய்வு கீய்வுன்னுவியே, அதப் பேசு. கேள்வி கேக்க மாட்டேன்."

பேசினேன். செடிக்கு வாசனை தரும் டெர்பீன் என்றால் என்ன என்பதில் தொடங்கி, மிளகு வாசனைக்கும் கிராம்பு வாசனைக்கும் உள்ள நுட்பமான வேறுபாட்டுக்கு வருவதற்குள் அந்தப் பக்கம் குறட்டை கேட்டது. என் பேச்சை இவ்வளவு ஆழ்ந்து ரசித்தவர் யாருமில்லை என்று ஒரு கணம் நினைத்தேன். நினைக்கத்தான் செய்தேன், மறைப்பானேன்!

அன்றிலிருந்து தினமும் மாலையில் பேசுகிறேன். எல்லா நாளும் பலிப்பதில்லை. வலி அதிகமான நாட்களில், "போதும் கண்ணு, இன்னைக்கு உன்னால ஆகாது" என்று வைத்துவிடுவார். அந்த நாட்களில் எனக்கும் சோறு இறங்குவதில்லை. ஒரு நாள் என் தொண்டை கட்டிக்கொள்ள, ஸ்டீப்பேயை அனுப்பி வைத்தேன். எழுபதுக்கு முப்பது என்று ஆரம்பித்து அவன் பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டான். தலைக்குத்தான் ஏறியது, உடம்பில் இறங்கவே இல்லை என்று க்ளெனிஸ் புகார் சொன்னார். எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்.

இப்போது தெருவில் எனக்கு ஒரு புகழ் உண்டு. கடைக்குப் போகிற வழியில் யாராவது தூக்கம் வரவில்லை என்று சொன்னால் க்ளெனிஸ் நின்று, கைத்தடியை ஊன்றிக்கொண்டு, என் குணாதிசயங்களை எடுத்துச் சொல்வாராம். "எங்க பக்கத்து வீட்டு ரோவன். முழு இண்டிகா. ஆரம்பத்துல லேசா எரிச்சல் வரும், அது தாண்டணும். கால் மணி நேரத்துல இமை கனக்கும். அரை மணியில கை கால் அசையாது. காலைல எந்திரிச்சா ஒரு வார்த்தை ஞாபகம் இருக்காது. பக்க விளைவு, கொட்டாவி." மோய்ரா இதைக் கேட்டுவிட்டு வந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சேர்ந்து சிரிப்பதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை. ஆனாலும் முழு இண்டிகா என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கலப்புதான்.

நீங்களும் சிரிக்கிறீர்கள். நமக்கென்ன, நாம் அந்தப் புகை வாசனைகூட அறியாதவர்கள் என்று நிம்மதியாக இருக்கிறீர்கள். இருங்கள். காபிக்கு எந்த மலைக் கொட்டை, எத்தனை பங்கு சிக்கரி என்று நீங்கள் விளக்கியபோது வந்தவர் காபியையே மறந்துவிட்டு எழுந்து போனது உங்களுக்கு நினைவில்லையா? மாம்பழத்தை முகர்ந்துவிட்டு நீங்கள் 'ம்ம்ம்' என்றதே இல்லையா? அதெல்லாம்கூடப் போகட்டும். கொஞ்ச நாள் முன்பு, உங்களை நம்பிய ஒருவர், பாவம், ஏதோ அவசரம் அவருக்கு, ஆமாம் அல்லது இல்லை என்று முடிய வேண்டிய ஒரு சின்னக் கேள்வியை உங்களிடம் கேட்டாரே. அதற்குப் பதில் சொன்னீர்களா?

என்ன, அதைச் சொல்ல ஆரம்பித்தால் அது பெரிய கதை என்கிறீர்களா?

அதானே பார்த்தேன்.